ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்…

"என்னிடம் 2005 மாடல் மாருதி 800 இருக்கிறது. பழைய வண்டியாக வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஊர் தாளவாடி. அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். சத்தியமங்கலம் கூட்டிப் போய் வருவது இந்த வண்டியில்தான். இரண்டு மாதமாகத் திரும்பி வரும்போது, திம்பம் மலை ஏறுகையில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. நிறுத்தி, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுகிறேன். மெக்கானிக் 'ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும்' என்கிறார். வீட்டுக்காரி நகையை அடகு வைக்கலாம் என்கிறாள். செய்யலாமா, இல்லை வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?"

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகரின் கடிதம் இது. பூச்சி, நோய், உரம் என்று கேள்வி வரும் பக்கத்தில் காருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பால் கேன் ஏற்றுவது, தக்காளிப் பெட்டி ஏற்றுவது, பிரசவத்துக்குப் போவது எல்லாம் இந்தப் பழைய வண்டிகளில்தானே நடக்கிறது? அதுவும் நம் பண்ணைக் கருவிதான். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பதினெட்டு வருடம் ஒரு மாருதி 800-ஐ வைத்துக்கொண்டு ஊர் ஊராக வயல் ஆய்வுக்குப் போனவன். அதில் கெட்டதும் உண்டு, கற்றதும் உண்டு.

தாளவாடி நண்பரே, முதலில் அவசரமான விஷயம். காரணம் தெரியும் வரை அப்பாவை அந்த வண்டியில் ஏற்றி மலை ஏறாதீர்கள். இரண்டு வாரத்துக்குப் பேருந்தோ, தெரிந்தவர் வண்டியோ, வாடகை வண்டியோ பார்த்துக்கொள்ளுங்கள். 27 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. டயாலிசிஸ் முடித்துக் களைத்து வருபவரை நடு வளைவில் உட்கார வைத்துக்கொண்டு போனட்டைத் திறக்கும் நிலைமை வேண்டாம். வாடகைக்குச் செலவாகும்தான். ஆனால் அது 22,000 இல்லை.

அடுத்தது, நகையை இப்போது எடுக்க வேண்டாம். மெக்கானிக் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. "போயிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த "இருக்கும்" என்ற சொல்லுக்கு 22,000 ரூபாய் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

"இலை மஞ்சளாகிறது, என்ன மருந்து அடிக்க?" என்று எனக்குப் போன் வராத நாள் இல்லை. எந்த இலை என்றுதான் நான் முதலில் கேட்பேன். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை என்று நினைக்கலாம். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. இரண்டுக்கும் யூரியா போட்டால் ஒன்றில் காசு வீண். வண்டி சூடாவதும் அப்படித்தான். எப்போது சூடாகிறது என்பதில் பாதிப் பதில் இருக்கிறது.

ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருக்கும்போது சூடேறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் காற்று. நான்கு வழிச் சாலையில் 80-ல் போகும்போது ஏறினால், ரேடியேட்டர் உள்ளே அடைபட்டுத் தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட் செய்த நான்கைந்து நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீரே இல்லை, அல்லது கேஸ்கெட் போய்விட்டது. உங்களுக்கு ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறது. மலை ஏற்றத்தில் இன்ஜின் முழு மூச்சில் வேலை செய்கிறது, ஆனால் வண்டி மெதுவாகப் போவதால் காற்று குறைவு. அதனால் ஃபேனும் இருக்கலாம், அடைப்பும் இருக்கலாம், இரண்டும் பாதிப் பாதியாகச் சேர்ந்தும் இருக்கலாம். சமதளத்தில் சமாளித்துவிடும், மலையில் வெளிப்பட்டுவிடும். பிரேக் ஒட்டிக்கொண்டு சக்கரத்தை இழுத்தாலும், கிளட்ச் வழுக்கினாலும்கூட ஏற்றத்தில் சூடேறும். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தபடி இருக்கிறது.

இனி சோதனை. காலையில், இன்ஜின் முழுதாக ஆறிக் கிடக்கும்போது தொடங்குங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கலாம் என்பதெல்லாம் வேண்டாத வீரம்.

மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா? ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா? இந்த மூடி சும்மா மூடி இல்லை, ஒரு வால்வு. அது அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை என்றால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து, பக்கத்து டப்பாவுக்குப் போய் வழிந்துவிடும். வண்டி ஆறிய பிறகு மேல் ஓஸ் பைப் உறிஞ்சியதுபோலச் சப்பிக் கிடந்தால், டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கும் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். சில நூறு ரூபாய்ப் பொருள். அதே அழுத்த அளவு உள்ள மூடியாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் "இதுவும் சேரும்" என்று எடுத்துக் கொடுப்பதை வாங்கிவிடாதீர்கள்.

மூடி திறந்திருக்கும்போதே உள்ளே டார்ச் அடியுங்கள். தண்ணீர் என்ன நிறம்? பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் கூலன்ட் இருக்கிறது. துரு நிறத்தில் கலங்கி, குழாய் வாய்களில் வெள்ளையாக ஏடு படிந்திருந்தால் போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி வந்த வினை. "தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அதிகம் விழுவது அங்கேதான்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது புதிதில்லை. உப்புத் தண்ணீர் உள்ள கிணற்றில் இரண்டே வருடத்தில் டிரிப்பர் வாயில் வெள்ளையாகக் கட்டி, கடைசி வரிசைச் செடிக்குத் தண்ணீர் போகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அது. வெயிலில் லேட்டரல் குழாய் சூடாவதற்கே அப்படிப் படிகிறது என்றால், 90 டிகிரியில் ஓடும் ரேடியேட்டரில் எப்படிப் படியும்? ரேடியேட்டர் குழாய்களும் டிரிப்பர் மாதிரி நெருக்கமானவைதான். சுண்ணாம்பு ஏடு சூட்டை வெளியே விடாது, தண்ணீரையும் ஓட விடாது.

உடனே "சொட்டுநீருக்கு ஆசிட் விடுகிறோமே, ரேடியேட்டரிலும் விடலாமா?" என்று கேட்பீர்கள். போன வருடம் ஒருவர் கேட்கவே செய்தார். கூடாது. ஹெட் அலுமினியம். ஆசிட் சுண்ணாம்போடு சேர்த்து அதையும் தின்னும். ரேடியேட்டர் கழுவுவதற்கென்றே திரவம் விற்கிறார்கள், டப்பாவில் உள்ளபடி ஓட விட்டு வடிக்க வேண்டும். பிறகு ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக, குறைந்த வேகத்தில் பைப் வைத்துக் கழுவச் சொல்லுங்கள். ரொம்பக் கட்டியிருந்தால் ரேடியேட்டர் கடையில் காட்டிவிடுவதே மேல்.

வெளிப்பக்கமும் பாருங்கள். அறுவடைக் காலத்தில் ஓடும் வண்டியில் உமி, பஞ்சு, பூச்சி எல்லாம் தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். பவர் ஸ்பிரேயரை எடுத்து அடித்தால் தகடு மடங்கிவிடும், சாதாரண பைப் போதும்.

அடுத்தது ஃபேன். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட விடுங்கள். முள் பாதியைத் தாண்டும் நேரத்தில் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும், கொஞ்ச நேரம் சுற்றி நிற்க வேண்டும். முள் ஏறியும் சுற்றவில்லை என்றால் உடனே இன்ஜினை அணைத்துவிட்டு ஃபியூஸ், ரிலே, ஒயர் என்று பாருங்கள். எலக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து நேராக ஃபேனுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். அப்போது சுற்றினால் மோட்டார் நல்லது, சென்சரிலோ ஒயரிலோதான் கோளாறு. சுற்றினாலும் வேகம் இல்லாமல் முனகினால் மோட்டார் தேய்ந்துவிட்டது.

இந்த ஃபேனில்தான் நான் ஏமாந்தேன். கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் பார்க்கப் போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவு. நாற்பதைத் தாண்டியதும் முள் சிவப்பைத் தொட்டது. கூட்டத்துக்கு நேரமாகிறது, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினேன். முள் திடீரென்று கீழே இறங்கியது. ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் தண்ணீர் மொத்தமும் ஆவியாகிப் போய், சென்சர் வெறும் காற்றில் நின்றிருக்கிறது! அதனால்தான் முள் இறங்கியது. அடுத்த வளைவில் இன்ஜின் நின்றது. ஹெட் வளைந்துவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் முகம் பிடித்து, புது கேஸ்கெட் போட்டு, அந்த மாதச் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டார்கள். பத்தே நாளில் மறுபடி சிவப்பு. வேறு இடத்தில் காட்டினால், ஃபேனுக்குப் போகும் ஒயரை எலி கடித்து வைத்திருக்கிறது. முதல் நாளே அதுதான் காரணம். கேஸ்கெட் போனதும் உண்மைதான், ஆனால் அது சூட்டினால் வந்த சேதம். சூட்டுக்குக் காரணத்தை யாரும் தேடவில்லை, என்னையும் சேர்த்துத்தான். என் மனைவி இன்றைக்கும் எலிப்பொறி வாங்கும்போதெல்லாம் அந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுவாள்.

அதனால் உங்கள் வண்டியில் கேஸ்கெட்டே போயிருந்தாலும், ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் மாற்றாதீர்கள்.

கேஸ்கெட் போயிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆறிய இன்ஜினில் ரேடியேட்டரை வாய் வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். தள்ளி நின்று பாருங்கள். முதலில் நான்கைந்து குமிழ் வருவது உள்ளே சிக்கிய காற்று, பயமில்லை. நிற்காமல் குமிழ் வந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானால் சிலிண்டர் புகை தண்ணீரில் கலக்கிறது. இன்ஜின் சூடாவதற்கு முன் இதைப் பார்த்து முடித்து அணைத்துவிடுங்கள். இன்னொன்று, மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் இன்னும் சில்லென்று இருக்கும்போதே மேல் ஓஸ் கல்லாக இறுகினால் அதே சந்தேகம். வெளியே எங்கும் ஒழுகாமல் தண்ணீர் தினம் குறைவது, வெயில் ஏறிய பிறகும் சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வருவது ஆகியவையும் அடையாளம்தான்.

ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெளுப்பாக இருந்தால் உடனே கேஸ்கெட் என்று பலர் சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் கடைக்கும் பால் சொசைட்டிக்கும் மட்டும் போய் வரும் வண்டியில், இன்ஜின் முழுதாகச் சூடாகாததால் பனி படிந்தும் அப்படி வரும். குளிர்காலத்தில் உங்கள் ஊரில் நிச்சயம் வரும். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் ஆயில் மோர் போலிருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியிருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், பேரிங் போய்விடும்.

இவை எல்லாம் பார்த்தும் சந்தேகம் என்றால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் சோதனை கேளுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்ப்பது, அரை மணி நேர வேலை. மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் நல்லது. பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் நன்றாகக் குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். "மீட்டர் எதற்கு, எனக்குச் சத்தத்திலேயே தெரியும்" என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். மண் பரிசோதனை இல்லாமல் உரம் சொல்கிறவரை நான் நம்புவதில்லை, இவரையும் நம்ப மாட்டேன்.

இதற்கிடையில் உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சூடேறுகிறது என்று போனால் அதைக் கழற்றித் தூர எறியும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும். அது 80 டிகிரிக்குச் சற்று மேலே திறக்க வேண்டிய கதவு. கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டால் திறப்பது கண்ணுக்கே தெரியும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். வாட்டர் பம்பைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பம்பின் அடியில் ஈரம் இருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று அதுவே சொல்லும்.

எல்லாம் சரிசெய்த பிறகு கூலன்ட் ஊற்றுங்கள். கலந்தே வருவது என்றால் அப்படியே ஊற்ற வேண்டும். கெட்டியாக வருவது என்றால் டப்பாவில் போட்ட அளவுக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். போர் தண்ணீர் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடித்த பழைய கூலன்டை வாளியில் வைத்துவிட்டுப் போனால் நாயோ கன்றோ நக்கிவிடும். குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது.

விற்பதா வைத்துக்கொள்வதா என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். மூடி, ஃபேன், அடைப்பு, தெர்மோஸ்டாட் இவற்றில் காரணம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், சரிசெய்து ஓட்டுங்கள். இந்த வண்டியின் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டாலும் பாகம் இன்னும் ஊருக்கு ஊர் கிடைக்கிறது, வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கேஸ்கெட்டே போயிருந்தால், செலவு செய்யும் முன் வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். தரைத் தகடு, முன் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள் துருப்பிடித்துப் பொத்தல் விழுந்திருந்தால் புது ஹெட் போட்டும் பயனில்லை. மலைப் பாதைக்கு அந்த வண்டி ஆகாது, கொடுத்துவிடுங்கள். உடம்பு திடமாக இருந்தால் இரண்டாவது இடத்திலும் விலை கேட்டுவிட்டுச் செய்யலாம். 2005 பதிவு என்றால் 15 வருடம் முடிந்து, அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அது நடப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் கட்டணம் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அதையும் கணக்கில் சேருங்கள். நகையைத் தொடுவதா என்பதை அந்தக் கணக்கு கையில் வந்த பிறகு வீட்டில் பேசுங்கள்.

வழியில் மறுபடி முள் ஏறினால்: ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுதாகப் போடுங்கள், பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். ஆவி வந்தால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆற விட வேண்டும். சுட்ட இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் வளையாத ஹெட்டும் வெடிக்கும்.

இன்னொரு கடிதம், சின்னது. திருவாரூர் பக்கத்து வாசகி ஒருவர், "மகன் வெளியூரில் இருப்பதால் மாதம் ஒருமுறைதான் கார் எடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் தள்ள வேண்டியிருக்கிறது, பேட்டரி மாற்றவா?" என்கிறார்.

அம்மா, பம்பு செட் ஸ்டார்ட்டர் பார்க்கிற மல்டிமீட்டர் வீட்டில் இருக்குமே, அதை டி.சி.யில் வைத்துப் பேட்டரியில் பிடியுங்கள். ஓடாமல் நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். முனைகளில் பச்சையும் வெள்ளையும் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து இறுக்குங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்ட ஆள் இல்லையென்றால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைப்பது நல்லது.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. கரும்பு, மக்காச்சோளம் போடுகிற நமக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல, இறுகி வெடிக்கலாம். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் வாசம் அடித்தால் ஸ்டார்ட் செய்யாமல் முதலில் குழாயைக் காட்டுங்கள். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள் என்றால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கும்.

தாளவாடி நண்பர், மூடியைத் திறந்து பார்த்ததையும், கம்ப்ரஷன் அளவு மூன்றையும் ஒரு அஞ்சல் அட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்கு முன் வந்தால் பதில் போடுகிறேன்.